மேல்வார நிர்ணயம்: கொல்லைக் கத்தரிக்காயை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

தென்னாட்டு நிலவரியின் வரலாற்றை ஆராய்ந்த பெருமக்கள், சோழர் காலத்துக் கடமை முதலாகச் சர் தாமஸ் மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரி ஈறாக ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே தடித்த நூல்களை இயற்றி, எந்த நூற்றாண்டில் எந்தக் குடியானவன் எத்தனை கலம் நெல்லை யாருக்கு அளந்தான் என்பதைக் கல்வெட்டுகளையும் கைபீதுகளையும் புரட்டி நிரூபித்திருக்கிறார்கள். ஆயினும், அந்நூல்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அறைகளின் ஜன்னலுக்கு வெளியே, கிணற்றடியிலிருந்து வழிந்தோடும் நீரில் வளர்ந்து நின்ற பத்துக் கத்தரிச் செடிகளில், நாள் தவறாமல், பாக்கி என்பதே இல்லாமல், ரசீதும் கொடாமல் நடந்துவந்த ஒரு வசூலைக் குறித்து அவர்களுள் ஒருவரேனும் ஓர் அடிக்குறிப்புக்கூட வரையாதது வியப்புக்குரியது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஸ்தாபிக்கப் புகும் சித்தாந்தம் சுருக்கமானது. வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் வெண்டையும் அவரையும் பயிரிடுகிறவன், கிரயப் பத்திரம் அவன் பேரிலேயே இருப்பினும், வீட்டு வரியை அவனே செலுத்தி வரினும், அந்த மண்ணுக்கு உடையவன் ஆகான். பிறர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதைப் பெறும் குடிவாரக்காரன் மட்டுமே ஆவான். விளைச்சலின் முதற்பங்காகிய மேல்வாரம், புழு, வண்டு, பேன், ஈ, நத்தை, எலி, அணில் எனப் பல ரூபங்களில் எழுந்தருளியிருக்கும் மெய்யான நிலச்சுவான்தார்களுக்கே உரித்தானது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது. கத்தரிப் பாத்தி அச்சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இடம்பெறவில்லை. பின்னர் 1956இல் வந்த நியாய வாரச் சட்டம், நஞ்சையில் உடையவன் சாதாரண விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் கேட்கலாகாது என்று வரம்பு கட்டியது. புழுவோ, நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்குக்கே உட்படாமல், எந்தக் காய் நம் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றியதோ அந்தக் காயையே முதலில் கைப்பற்றும் மரபை இன்றளவும் விட்டதில்லை.

எந்தச் சித்தாந்தத்துக்கும் பிரமாணம் வேண்டும் என்பது நம் தர்க்க நூலார் கொள்கை. பிரத்தியட்சம் வருமாறு: காலையில் வார்த்த நீரின் ஈரம் மண்ணில் உலராதிருக்கும்போதே, உச்சி வெயிலில் கத்தரியின் கொழுந்து ஒன்று தலை சாய்ந்து தொங்கும், மற்றக் கிளைகள் எல்லாம் நிமிர்ந்து நிற்க அது ஒன்றே வாடுவதால், வாட்டத்துக்குக் காரணம் தண்ணீர்க் குறை அன்று என்பது பெறப்படும். அனுமானம் வருமாறு: அக்கொழுந்தைக் கிள்ளி நகத்தால் பிளந்தால், தண்டின் உட்புறம் குடையப்பட்டு எச்சம் அடைந்து கிடக்கும், புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கிறவர்கள் எச்சத்தைக் கண்டு எஜமானை அனுமானிக்க யாதொரு தடையும் இல்லை. சப்தப் பிரமாணம் சமையலறையில் அரிவாள்மணைக்கு எதிரில் கிடைக்கும். கத்தரிக்காயை இரண்டாக வகிர்ந்த இல்லத்தரசியார் அக்கணத்தில் எழுப்பும் சப்தம் ஆப்த வாக்கியமாகவே கொள்ளத்தக்கது.

மேல்வாரம் பெறுவோரில் முதல் ஸ்தானம் தண்டையும் காயையும் துளைக்கும் இந்தப் புழுவுக்கே உரியது. 1854ஆம் ஆண்டில் கெனே என்னும் பிரெஞ்சுக்காரர் இதற்கு ‘லூசினோடஸ் ஆர்போனாலிஸ்’ என்று நாமகரணம் செய்தார். அவர் பூச்சிகளைப் பயின்றவர் மட்டும் அல்லர், தொழிலால் வழக்கறிஞரும் ஆவார் என்பதை நோக்கும்போது, இது அடிப்படையில் ஒரு சிவில் விவகாரம் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் என்று கருத இடமுண்டு. வெண்ணிறச் சிறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட தாய் அந்துப்பூச்சி, வீட்டார் உறங்கிய பின்னர் வந்து இலையின் அடியிலும் காம்பின் ஓரத்திலும் முட்டையிட்டுச் செல்லும். சில நாட்களில் பொரித்து வெளிவரும் புழு, செடி காய்க்காத பருவமாயின் தண்டுக்குள்ளும், காய்த்த பருவமாயின் காம்புத் தொப்பியின் கீழாகக் காய்க்குள்ளும் பிரவேசிக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்தரியைப் போன்ற சில வகைகளின் காம்பில் இயற்கை வைத்திருக்கும் முட்கள், பறிப்பவர் விரலைக் குத்துவதில் சிறிதும் தவறாதவை. புழுவை அவை தடுத்ததாக எங்கும் தெரியவில்லை.

இங்கே சாமானியர் பலரும் கொண்டுள்ள ஒரு விபரீத ஞானத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. சந்தையிலும் கொல்லையிலும் ஓட்டை விழுந்த கத்தரிக்காயைக் கண்டு ‘புழு இருக்கிறது’ என்று ஒதுக்கி, ஓட்டையில்லாத காயை உவந்து எடுத்துச் செல்வதே உலக வழக்கமாக இருக்கிறது. புழு உள்ளே நுழைந்த துவாரமோ மிக நுண்ணியது. காய் வளர வளர அது தூர்ந்து மறைந்துவிடும். நம் கண்ணுக்குப் புலப்படும் பெரிய துவாரம், உள்ளேயிருந்து தின்று கொழுத்த புழு கூட்டுப்புழுவாகும் பொருட்டு மண்ணை நோக்கி வெளியேறிய வாயிலே ஆகும். எனவே ஓட்டையுள்ள காய் பெரும்பாலும் காலி செய்யப்பட்டது. ஆசாமி குடியிருப்பது ஓட்டையில்லாத காயில். இந்த உண்மையை நாம் எடுத்துரைத்தபோது, காய்கறி வாங்குவதில் நீண்ட அனுபவம் வாய்ந்த பெரியவர் ஒருவர், ‘அப்படியானால் எதைத்தான் வாங்குவது?’ என்று வினவினார். ஆராய்ச்சியாளனுடைய கடமை உண்மையை வெளியிடுவதோடு முடிகிறது.

இப்புழுவின் உரிமையைப் பறிக்க இந்திய தேசத்தில் நடந்த மிகப் பெரிய முயற்சியையும் குறிப்பிடாமல் மேற்செல்வது முறையன்று. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நச்சுப் புரதத்தைக் கத்தரிச் செடியே தன்னுள் உண்டாக்கிக்கொள்ளுமாறு மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய், விற்பனைக்கு வரும் தறுவாயில் இருந்தது. மத்திய அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார். விவசாயிகளும் விஞ்ஞானிகளும் வியாபாரிகளும் வைத்தியர்களும் அவ்வேழு சபைகளிலும் தத்தம் கட்சியை விரிவாக எடுத்துரைத்தனர். வழக்கின் முதற் பிரதிவாதியாகிய புழுவுக்கு எவ்வூரிலும் சம்மன் சார்வு செய்யப்படவில்லை. அப்படியிருந்தும் தீர்ப்பு அதற்கே சாதகமாக முடிந்தது. அண்டை நாடாகிய வங்காள தேசம் 2013இல் அதே கத்தரிக்கு அனுமதி வழங்கியிருப்பதால், எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் இரு வேறு நிலச்சட்டங்கள் அமலில் இருக்கின்றன என்று கொள்க.

அடுத்து வருவது எபிலாக்னா என்னும் புள்ளி வண்டு. லின்னேயஸின் மாணவராகிய பப்ரீஷியஸ் 1775இல் இதற்கு இட்ட பெயரிலேயே இருபத்தெட்டுப் புள்ளி என்பது அடங்கியிருக்கிறது. சிறகுறை ஒன்றுக்குப் பதினான்காக இரண்டு உறைகளிலும் பரவியுள்ள கரும்புள்ளிகளை எண்ணி அவர் அவ்வாறு பெயரிட்டார். ஐரோப்பியப் பண்டிதருக்கு இது வெறும் கூட்டல் கணக்காகத் தோன்றியிருக்கலாம். அசுவினி முதல் ரேவதி ஈறான இருபத்தேழு நட்சத்திரங்களோடு அபிஜித்தையும் சேர்த்தால் இருபத்தெட்டு ஆகும் என்பதை அறிந்த நமக்கோ, இவ்வண்டு ஒரு ராசி மண்டலத்தையே முதுகில் சுமந்துகொண்டு வெண்கலநிற உருண்டையாகக் கத்தரி இலையில் சஞ்சரிக்கிறது என்பதும், அது எந்த நட்சத்திரத்தில் வந்து இறங்கினாலும் நமக்குச் சந்திராஷ்டமமே என்பதும் தெளிவாகும். இதன் குஞ்சுப்புழு, உடலெல்லாம் முட்கொண்ட மஞ்சள் நிறத்தது. இலையின் பசுமையைச் சுரண்டித் தின்று நரம்புகளை மாத்திரம் விட்டுவைத்து, இலையைச் சல்லடையாக்கிவிடும்.

இவ்வண்டின் விஷயத்தில் தர்ம சாஸ்திரம் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. செடிப்பேன்களைப் பிடித்துத் தின்று நமக்குப் பேருபகாரம் செய்யும் பொறிவண்டும், இலையைத் தின்று நம்மைப் பாழாக்கும் எபிலாக்னாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குலம் ஒன்று, ஆசாரம் வேறு. ஒன்று புலால் உண்பது, மற்றொன்று சுத்த சைவம். மரக்கறி உணவின் மாண்பைக் குழந்தைகளுக்கு உபதேசித்துக்கொண்டே கொல்லைக்குச் செல்லும் ஒரு சைவக் குடும்பத் தலைவர், அங்கே சைவ வண்டை நசுக்கி அசைவ வண்டை வாழ்த்த வேண்டியவராகிறார். இம்முரண்பாட்டை எந்த மடாதிபதியும் இதுவரை தீர்த்துவைத்ததாகத் தெரியவில்லை. நடைமுறையில் இரண்டையும் பகுத்தறிய ஒரு வழி உண்டு: மேனி மினுமினுப்பாக இருப்பின் பெரும்பாலும் நண்பன், நுண்ணிய மயிர் போர்த்து மங்கலாக இருப்பின் பகைவன். இந்த விதியை மனிதர்கள்மேல் செலுத்திப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே, ஆனால் அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அவரைக் கொடியின் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் அடை அடையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு அசுவினியை நம் பெண்கள் ‘பேன் விழுந்துவிட்டது’ என்று சுருங்கச் சொல்வார்கள். ஒரு நாள் மாலை கொடி சுத்தமாக இருந்தது, மறுநாளுக்கு மறுநாள் கரி பூசியதுபோல் ஆயிற்று என்று அவர்கள் கூறுவது மிகைபோல் தோன்றினும், சரித்திரம் அவர்கள் பக்கமே நிற்கிறது. 1740ஆம் ஆண்டு ஜெனிவா நகரத்தில் சார்ல்ஸ் போனே என்ற இளைஞர், அப்பொழுதுதான் பிறந்த பேன் ஒன்றைத் தனிச் சிறையில் அடைத்து, ஆண் வாடையே படாமல் கண்காணித்துவர, அது குறித்த காலத்தில் குட்டிமேல் குட்டியாக ஈன்றுகொண்டே போனதைக் கண்டு திகைத்தார். அவருக்கு ஆசானாக விளங்கிய ரோமர், தாய் ஒன்றுக்குத் தொண்ணூறு மக்கள் என்று கொண்டு ஐந்து தலைமுறைக்குப் பெருக்கிப் பார்த்து, ஒரு பேனின் வம்சம் 590 கோடியே 49 லட்சம் என்று முடிவு கட்டினார். முட்டை, பொரிப்பு, வரன் தேடல், முகூர்த்தம் ஆகிய எதற்கும் காலத்தை வீணாக்காமல், தன் வயிற்றிலுள்ள குட்டியின் வயிற்றிலேயே பேரக்குட்டியையும் தாங்கியவாறு பிறக்கும் ஒரு ஜாதி, இரண்டு நாளில் ஒரு பந்தலை ஆக்கிரமிப்பதில் அதிசயம் ஏதுமில்லை.

அசுவினியின் ஆட்சியில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உள்குத்தகை முறை. செடியின் சாற்றை அளவுக்கு மேல் உறிஞ்சும் இப்பேன், சர்க்கரையின் மிகுதியைத் தேன்துளிகளாக வெளியேற்றுகிறது. அத்துளியை அருந்தும் பொருட்டு எறும்புகள் வரிசையாக ஏறிவந்து, பேனைத் தடவிக்கொடுத்துச் சுரக்கவைத்து, பதிலுக்குப் பொறிவண்டு முதலிய பகைவர்களை விரட்டிக் காவல் புரிகின்றன. எறும்பு அருந்தாது விட்ட துளி இலையில் படிந்தால் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து வெயிலை மறைக்கும். ஆக, ஒரு முழ அவரைக் கொடியில் நிலச்சுவான்தார், காரியஸ்தர், அடியாள் ஆகிய மூவரும் ஏககாலத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். கொடிக்கு நீர் வார்க்கிறவன் நான்காமவனாக ஒதுங்கி நிற்கிறான். வேகமாகப் பீய்ச்சிய தண்ணீரோ மட்டான சோப்புக் கரைசலோ இவ்வேற்பாட்டைக் கலைக்கும் என்பது மெய்யே. எனினும் முதலில் எறும்பின் பாதையை அடைக்காமல் பேனை மாத்திரம் கழுவுவது, காரியஸ்தனை வைத்துக்கொண்டே பண்ணையை ஒழிக்கப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இனி, பண்ணைக்குக் கணக்கு எழுதுகிறவர். தக்காளி, அவரை, பூசணி ஆகியவற்றின் இலைகளில் வெள்ளை வெள்ளையாக நெளிந்து செல்லும் கோடுகளைக் காணாத தோட்டக்காரர் இல்லை. சிறிய ஈ ஒன்றின் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே புகுந்து, இரண்டையும் கிழிக்காமல் நடுவிலுள்ள பசையத்தை மட்டும் தின்றுகொண்டே செல்வதால் இக்கோடு உண்டாகிறது. புழு பருக்கப் பருக்கக் கோடும் அகலும் ஆதலால், எழுத எழுத மொட்டையாகும் நம் பென்சிலின் இயல்புக்கு இது நேர்மாறானது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. இந்த இலைச்சுரங்க ஈயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1990ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஒழிந்த பதவிக்கும் வந்த ஆசாமிக்கும் இடையே பத்தாண்டு இடைவெளியே இருப்பது தற்செயல் என்று எம்மால் நம்ப முடியவில்லை. சிந்துவெளி எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் தொகுத்து அட்டவணைப்படுத்தி 1977இல் வெளியிட்டார். தக்காளி இலையின் எழுத்துகளுக்கு அப்படியொரு தொகுதி இன்னும் வெளிவரவில்லை. இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மாறி மாறிச் செல்லும் அவ்வெழுத்தைக் கர்ணத்தின் கையெழுத்தைப் போலவே வேறு எவராலும் படிக்க இயலாது என்ற அளவில் நாம் இப்போதைக்கு நின்றுகொள்வோம்.

மழைக்காலத்து இரவுகளில் விஜயம் செய்யும் ஆப்பிரிக்கப் பெருநத்தையின் பூர்வீகம் நமக்குத் தெளிவாகவே கிடைத்திருக்கிறது. பென்சன் என்னும் நத்தையியல் பண்டிதர் 1847இல் மொரீஷியஸ் தீவிலிருந்து உயிரோடு கொணர்ந்த சில நத்தைகள், கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. கல்கத்தாவில் கால் வைத்து, அங்கிருந்து மெல்ல மெல்ல நாடெங்கும் பரவி, போன இடமெல்லாம் கண்டதையும் தின்று, தன் வீட்டைத் தானே சுமந்து வந்தும் அதை ஒருபோதும் வாடகைக்கு விடாத இந்த ஜாதி, வேறொரு கம்பெனியாரின் வரலாற்றோடு அடிக்கடி ஒத்துச் செல்வதை வாசகர் தாமே கவனித்திருப்பர். ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாய் அமைந்து, ஒரு முறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணில் இடும் இதற்கு, உப்பைத் தூவுவது உடனடித் தண்டனை. ஆயினும் அவ்வுப்பு மண்ணில் தங்கிச் செடியையும் தண்டிக்கும். நனைத்த கோணிச்சாக்கைப் பாத்தியோரம் விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்து, விடியலில் சாக்கைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்குவதே சாத்வீகமான வழி. பொறுக்கியதை அடுத்த வீட்டு மதிலுக்கு அப்பால் வீசுவோர் உளர். அது சாத்வீகம் ஆகாது. பயனும் இல்லை, ஏனெனில் மதில் ஏறுவதில் நத்தைக்கு நம்மினும் பயிற்சி மிகுதி.

எலி, அணில் ஆகியவற்றின் பங்கு யாவரும் அறிந்தது. கேட் திறந்திருந்த சமயத்தில் ஆடு நுழைந்து மேய்ந்ததை இதில் சேர்ப்பதற்கில்லை. அது வசூல் அன்று, கொள்ளை.

இனிப் பூர்வபட்சம். ‘மருந்து அடித்தால் தீர்ந்தது, இதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ என்பது முதல் ஆட்சேபம். மருந்துகளின் சரித்திரத்தை நோக்கினால் அவை ஒவ்வொன்றும் சில காலம் ராஜமரியாதை பெற்றுப் பின்னர் நாடு கடத்தப்பட்டன என்பது விளங்கும். பூச்சியைக் கொல்லும் ஆற்றல் டி.டி.டி.க்கு உண்டு என்பதைப் பால் முல்லர் 1939இல் கண்டார், 1948இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார், 1962இல் அதை எதிர்த்து ரேச்சல் கார்சன் எழுதிய நூல் உலகை உலுக்கியது, இந்திய விவசாயத்திலிருந்து டி.டி.டி. 1989இல் விலக்கப்பட்டது. நாளைக்குச் சமைக்கப்போகும் கீரைக்கு இன்று விஷம் தெளிப்பதில் மேல்வாரதாரர் ஒருவேளை மடியலாம். குடிவாரக்காரன் அதே தட்டில் அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கிறான் என்பதை மறக்கலாகாது.

நம் பாட்டிமார் கையாண்ட அடுப்புச் சாம்பல், பனி உலராத விடியலில் இலைமேல் தூவப்பட்டால் பேனையும் சிறு வண்டையும் ஓரளவு அகற்றும். ஆனால் எரிவாயு அடுப்பு வந்தபின் நகரங்களில் சாம்பலுக்குப் பஞ்சம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் விழுதாக அரைத்துக் கரைத்து வடிகட்டித் தெளிப்பது மற்றொரு முறை. புளியும் உப்பும் சேர்த்துத் தாளித்தால் நாமே உண்ணக்கூடிய இத்திரவத்தை வீட்டார் செடிக்கு ஊற்றுவதைக் கண்டு விருந்தினர் சிலர் துயருறுவதுண்டு. பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றில் பழ ஈ குத்தி முட்டையிடாதிருக்கப் பிஞ்சிலேயே காகித உறை மாட்டவேண்டும். நாளிதழின் தலையங்கப் பக்கம் இதற்கு மிகவும் ஏற்றது என்பது எம் துணிபு.

வேம்பைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். 1959இல் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிப் படை இறங்கி மற்ற மரங்களையெல்லாம் மொட்டையாக்கிச் சென்றபோது, வேப்ப மரங்கள் மாத்திரம் இலையோடு நிற்பதைக் கண்ட ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானியப் பூச்சியியலார், அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். நெற்குதிருக்குள்ளும் பட்டுப்புடவை மடிப்புக்குள்ளும் வேப்பிலையைச் செருகிவைத்த நம் மூதாட்டிகளுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காரியம் தெரிந்திருந்தது. பின்னர் வேப்பெண்ணெயின் பூஞ்சணங்கொல்லிக் குணத்துக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் அந்நாட்டுக் கம்பெனி ஒன்றும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றதும், அது 2000இல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005இல் முனிச் நகரத்தில் தள்ளுபடியானதும் பத்திரிகை படிப்போர் அறிந்தவை. உலர்ந்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, 1 லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் கூட்டி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது முறை. வெயிலில் அதன் வீரியம் சிதைந்துவிடும். இது புழுவை உடனே கொல்லாது. தின்ன மனமில்லாமற் செய்யும், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். வழக்கு மொழியிற் சொன்னால் இது தண்டனை அன்று, இடைக்காலத் தடை உத்தரவு. வாரத்துக்கொரு முறை புதுப்பிக்கப்படாவிடின் காலாவதியாகும்.

மேல்வாரதாரனை உள்ளபடி வெளியேற்றுவது இன்னொரு மேல்வாரதாரனால்தான் இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, கத்தரி எனப் படர்ந்து, மருந்துக்கும் மசியாமல் இரண்டாண்டு ஆட்சி புரிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்துப் பரப்பிய, கண்ணுக்கு அரிதாகவே தென்படும் ஒட்டுண்ணிக் குளவி, அதன் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு வம்சத்தைக் குறைத்தது. 1914இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிளெட்சரும், 1940இல் அத்துறைக்குக் கைந்நூல் தந்த ராமகிருஷ்ண ஐயரும் இதைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் சுரபாலரின் விருக்ஷாயுர்வேதத்தைக் கற்றவர்களுடையது. ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் சுவடியாக உறங்கி, 1996இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு செகந்திராபாத்தில் அச்சேறிய அந்நூலின்படி, செடிக்கும் வாதம், பித்தம், கபம் உண்டு. தோஷம் சமனப்பட்டால் நோய் அணுகாது. இதை மறுக்க எமக்குத் தைரியமில்லை. ஆயினும் நாடி பார்க்க எங்கே பிடிப்பது என்பது தெளிவாகாதவரை, கத்தரிச் செடியை வைத்தியர்முன் நிறுத்துவது இயலாது. அந்நூல் உரைக்கும் குணப ஜலம் என்னும் ஊட்டம், விலங்கின் மாமிசம், கொழுப்பு, மஜ்ஜை முதலியவற்றை வேகவைத்துப் பானையில் ஊறப்போட்டுப் பெறுவது. மேலே கூறிய சைவக் குடும்பத் தலைவரை இரண்டாம் முறையும் சோதனைக்கு உள்ளாக்க விரும்பாமல் இதை விடுக்கிறோம்.

மூன்றாவது ஆட்சேபம் கணக்குப் பார்ப்பவர்களுடையது. 1999இல் மதுரையில் தொடங்கி ஊர்தோறும் பரவிய உழவர் சந்தையில் கத்தரிக்காய் மலிவாகக் கிடைக்கும்போது, மண், தொட்டி, தொழு உரம், விதை, பந்தல் கழி, வேப்பெண்ணெய் என்று செலவிட்டு வளர்ப்பது மதியீனம் என்பர். இவர்கள் குடிவாரத்தை மட்டும் எடைபோட்டு மேல்வாரத்தைப் பூஜ்யமாகக் கொள்ளுகிறார்கள். ஒரு செடியில் விளைந்த மொத்தத்தையும், அதாவது புழுவின் எடை, பேனின் எடை, அவற்றால் ஜீவித்த எறும்பு, குருவி, பல்லி ஆகியவற்றின் எடை எல்லாவற்றையும் தராசில் ஏற்றினால், கொல்லைத் தோட்டத்துக்கு இணையான உற்பத்தி ஸ்தானம் ஜில்லாவில் வேறு இராது.

மேல்வாரம் கொள்வோரால் பயிர் அழிந்தது என்று புலம்புவோர், அவர்களால் விளைந்த ஒரு பெருநன்மையை எண்ணிப் பார்ப்பதில்லை. குறிஞ்சி நிலத்துக் காதல் முழுவதும் கிளிகளால் ஏற்பட்டது. தினைக்கதிரைக் கிளி கொய்யாதிருந்தால், தலைவியைப் பரணில் ஏற்றிக் காவல் வைக்கும் அவசியம் அவள் தாய்க்கு நேர்ந்திராது. அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள். வேட்டைக்கு வந்த தலைவன் வெறும் புனத்தைக் கண்டு திரும்பியிருப்பான். தழல், தட்டை, குளிர் என்று குறிஞ்சிப்பாட்டு எடுத்துரைக்கும் கிளியோட்டும் கருவிகள் உண்மையிலேயே பயன் தரும் கருவிகளாக இருந்திருப்பின், கபிலருக்குப் பாட விஷயம் குறைந்திருக்கும். பூச்சிமருந்துக் கடையொன்று பறம்பு மலை அடிவாரத்தில் இருந்திருந்தால் அகத்துறை நூல்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. வள்ளி திருமணமும் இவ்வாறே ஒரு பயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கையிலிருந்து முளைத்ததாகும்.

வள்ளியின் புனத்தைத் தொட்டபோது, இதுவரை நாம் தள்ளிவைத்த மேல்வாரதாரர் ஒருவரைப் பற்றிப் பேசியே தீரவேண்டியிருக்கிறது. மேற்கு மாவட்டங்களில் விதைத்த விதையைக் கிளறியும், மிளகாய் நாற்றைக் கொத்தியும், தக்காளியைப் பழுக்கும் முன்பே ருசிபார்த்தும் உலவும் மயில், மற்ற யாவரையும் போல அனுபோக பாத்தியதையால் மட்டும் மேல்வாரம் கொள்வதன்று. 1963இல் தேசியப் பறவை என்ற பட்டமும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடமும் பெற்று, அசல் பட்டாவோடு வருகிறது. அதன்மேல் கல் எறிய முடியாது. வழக்குத் தொடரவும் முடியாது. பக்திமான்களாயின் முறைத்துப் பார்ப்பதும் கூடாது. இதனால் எழும் ஐயம் ஒன்றைப் பௌராணிகர்கள் முன் வைக்கிறோம். முருகப்பெருமான் வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தராகவும் மாறி மாறி வள்ளியோடு வார்த்தையாடிக்கொண்டிருந்த அந்த நீண்ட பொழுதில், வாகனமாகிய மயில் தினைப்புனத்தில் எங்கே நின்றது, என்ன செய்துகொண்டிருந்தது? தம்பிக்கு உதவும் பொருட்டு விநாயகர் யானை வடிவில் புனத்துக்குள் புகுந்தபோது எத்தனை பாத்திகள் மிதிபட்டன? நில உரிமையாளனாகிய நம்பிராஜன் மாப்பிள்ளை வீட்டாரிடம் அச்சேதத்துக்கு ஈடு கோரினானா, அல்லது அதைச் சீதனக் கணக்கில் கழித்துக்கொண்டானா?